மூன்றாம் பத்தி: அரசு கேட்கும் தவறான கேள்வி

மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவது நினைவுச் சொற்பொழிவு ஆகாது. முடியாமல் கிடக்கும் வேலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அப்படிக் கிடக்கும் ஒரு சட்டப் பத்தியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என அறிவிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. அந்தப் பிரிவில் மதம் என்ற சொல்லே இல்லை. ஆனால் அதன்படி 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. பஞ்சாப் பகுதியின் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் 1936ஆம் ஆண்டு ஆணை இந்தியக் கிறித்தவர்களை ஏற்கெனவே வெளியே நிறுத்தியிருந்தது. குடியரசு அந்த வேலியைப் பிடுங்கவில்லை, அகலப்படுத்தியது.

பிறகு வேலியில் இரண்டு முறை வழி திறந்தார்கள். 1956இல் எல்லாச் சீக்கியத் தலித்துகளும் சேர்க்கப்பட்டனர். 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டனர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய லட்சக்கணக்கான மக்கள் ஒன்றிய அரசின் பட்டியலுக்குள் வர 34 ஆண்டுகள் காத்திருந்தார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

இதற்கு அரசு சொல்லிவரும் காரணம் என்ன? கிறித்தவத்திலும் இஸ்லாத்திலும் சாதி இல்லை என்பது. கோட்பாட்டில் இல்லைதான். சீக்கியத்திலும் பௌத்தத்திலும் கூடத்தான் இல்லை. அவர்களைச் சேர்த்தது சரியே. ஏனென்றால் மதம் மாறியவரைச் சாதி பின்தொடர்ந்து வருகிறது என்பதை அரசு அங்கே ஒப்புக்கொண்டது. அதே சாதி தேவாலய வாசலில் நின்றுவிடுமா? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் பிணங்களைப் பிரித்து நிற்கும் சுவரைக் கேளுங்கள், சொல்லும். அந்தச் சுவருக்குத் திருச்சபை பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் திருச்சபையின் குற்றத்துக்கு அந்தத் தலித்தையே அரசு தண்டிப்பது எந்த நியாயம்?

சூசை வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். அவர் சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, சாதிக் கொடுமையும் அதே கடுமையோடு தொடர்வதை நிறுவ வேண்டும் என்று 1985இல் நீதிமன்றம் கூறி, மனுவைத் தள்ளியது. அதே தெரு, அதே தொழில், அதே வெயில். நாடு முழுவதற்குமான ஆதாரத்தைத் திரட்டும் சுமையை ஒரு செருப்புத் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

இன்னொரு தீர்ப்பையும் இதன் அருகில் வைத்துப் பாருங்கள். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் இந்து மதத்துக்குத் திரும்பி, முன்னோரின் சாதியினரும் அவரை ஏற்றுக்கொண்டால், பட்டியல் சாதித் தகுதி பெறலாம் என்று கே.பி. மனு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாத்தா மதம் மாறியபோது சாதி அழிந்திருந்தால், பேரன் திரும்பும்போது அது எங்கிருந்து வருகிறது? அழியவில்லை, சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதன் விளைவு இடஒதுக்கீட்டோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவராக மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தம்மை ஒடுக்கிய சாதிகள் சிலவற்றோடு அதே வரிசையில் போட்டியிடுகிறார்கள். தனித் தொகுதியில் அவர்கள் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான கொடுமையையே குற்றமாக்குகிறது. சாதிப் பெயர் சொல்லி அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. காவல் நிலையம் மட்டும் அதைப் பார்க்கிறது.

நம்மிடையே உள்ள ஓர் அச்சத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். இவர்களும் வந்தால் இருக்கும் 18 விழுக்காடும் பங்குபோகுமே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆட்கள் கூடும்போது பங்கும் கூட வேண்டும் என்பதே அதற்கு விடை. இருப்பதைப் பகிர்ந்துகொள் என்று ஏழையிடம் சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. நாமும் நம் சகோதரரை வெளியே நிறுத்தி நம் இடத்தைக் காப்பாற்ற முடியாது.

பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம் அமைத்தார்கள்.

விரும்பிய மதத்தைத் தழுவும் உரிமையை 25ஆம் பிரிவு தருகிறது. மூன்றாம் பத்தி அதற்கு விலை குறிக்கிறது. அந்த விலையைத் தலித் மட்டுமே கட்ட வேண்டியிருக்கிறது. நீ எந்தக் கடவுளைக் கும்பிடுகிறாய் என்று அரசு கேட்கிறது. உனக்கு என்ன இழைக்கப்பட்டது என்று கேட்பதே அதன் கடமை. அந்தக் கேள்வியை மாற்றும்வரை நாம் எழுதவும் பேசவும் வேண்டும்.

ஜெய் பீம்.