இயற்கணித வகுப்பு எதை எதிர்பார்க்கிறது?

தில்லியிலோ போபாலிலோ நாகபுரியிலோ குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டும் ஆண்டில் ஓர் இடைவெளி தோன்றுவதுண்டு. அதுவரை கணக்குப் பாடத்தில் பக்கத்தில் அமர்ந்து உதவிய தாயோ தந்தையோ, அவ்வாண்டில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். தமிழ் வழியில் பயின்ற அவர்கள் 'பல்லுறுப்புக்கோவை' என்று அறிந்ததை ஆங்கில வழியில் பயிலும் பிள்ளை 'பாலினாமியல்' என்கிறது. இந்தி வழியில் பயிலும் அண்டை வீட்டுப் பிள்ளை 'பஹுபத்' என்கிறது. பெயர் அயலாகத் தோன்றவே, பொருளும் அயலானது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். உயர்நிலைப் பள்ளியின் இயற்கணிதப் பாடம் எவ்வாறு வகுக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் மாணாக்கரிடம் அது எதை எதிர்பார்க்கிறது என்பவற்றைத் தமிழிலேயே எடுத்துரைப்பது இப்பேச்சின் நோக்கம். நான் கணித ஆசிரியன் அல்லேன், கலைப் பட்டதாரி. ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்ப்பது என் தொழில். அத்தொழிலுக்குரிய கண்ணோடுதான் இப்பாடநூல்களையும் பார்க்கிறேன்.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். 'பஹுபத்' என்பதில் பல பதங்கள் இருக்கின்றன. 'பல்லுறுப்புக்கோவை' என்பதில் பல உறுப்புகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றே. இந்தியில் 'சர்' என்பது நமக்கு 'மாறி'. அதாவது, மதிப்பு மாறக்கூடிய எழுத்து. அதன் முன்னே நிற்கும் எண் இந்தியில் 'குணாங்க்', தமிழில் 'கெழு'. கெழுமுதல் என்றால் நெருங்கிப் பொருந்துதல்; எழுத்தோடு பொருந்தி நிற்கும் எண் கெழு என்று கொண்டால் நினைவில் நிற்கும். சமன்பாட்டின் விடையை நாம் 'மூலம்' என்கிறோம், இந்தியில் 'மூல்'. இருபடிச் சமன்பாடு அங்கே 'த்விகாத் சமீகரண்'. கூட்டுத் தொடர்வரிசை அங்கே 'சமாந்தர் ஸ்ரேடீ'. இவ்வளவையும் ஒரு தாளில் மூன்று பத்திகளாக எழுதி மேசைமேல் ஒட்டி வைத்தால், வீட்டில் பேச்சு மீண்டும் தொடங்கிவிடும்.

இக்கலைக்கு வடமொழியில் பீஜகணிதம் என்று பெயர். பாஸ்கராசாரியர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய நூலுக்கும் அதுவே பெயர். அறியாத அளவுகளைக் குறிக்க அக்காலத்தவர் நிறங்களின் பெயர்களைக் கொண்டனர். காளகம், நீலகம், பீதகம் என்ற நிறப்பெயர்களின் முதலெழுத்துகளாகிய கா, நீ, பீ என்பனவே அவர்களுடைய எக்ஸும் ஒய்யும். எக்ஸைக் கண்டு மருளும் பிள்ளைக்கு இச்செய்தியைச் சொல்லிப் பார்க்கலாம். எழுத்து எதுவாயினும் அது ஒரு பெயர்ப்பலகைதான் என்பது விளங்கும். அதற்கும் முன்னர், 628ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிரமகுப்தர், மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கொண்டு அவற்றின் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் விதி வகுத்தார். கடனைக் கழித்தால் செல்வம் பெருகும் என்று சொன்னால், குறையைக் கழிப்பது கூட்டலாவது ஏன் என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் உணரும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகளுள் பலர் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் பயில்கின்றனர். இடமாற்றத்துக்குரிய மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கேந்திரிய வித்யாலயங்களும் இவ்வாரியத்தைச் சேர்ந்தவையே. ஆகவே அப்பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணாக்கர் சிலவற்றைக் கையோடு கொண்டுவருவார் என்று ஆசிரியர் எதிர்பார்க்கிறார். பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். குறை எண்களில் தடுமாற்றம் கூடாது. அடைப்புக்குறியை நீக்கத் தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும் அக்குறை இயற்கணிதத்தில் வந்து வெளிப்படும். பழி மட்டும் எக்ஸின்மேல் விழும். 5இலிருந்து 'எக்ஸ் கழித்தல் 3' என்ற அடைப்பைக் கழித்தால் 8 கழித்தல் எக்ஸ் வரவேண்டும். பல பிள்ளைகள் 2 கழித்தல் எக்ஸ் என்று எழுதுவர். அடைப்புக்கு முன்னுள்ள கழித்தல் குறி உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் தொடும் என்பதை மறப்பதே காரணம்.

இவற்றினும் ஆழமானது சமக்குறியைப் பற்றிய கருத்து. தொடக்க வகுப்புகளில் '3 கூட்டல் 4 சமம்' என்று எழுதி விடைக்கு இடம் விடுகிறோம். அதனால் சமக்குறி என்பது 'இனி விடை வரும்' என்று அறிவிக்கும் குறி என்றே பிள்ளை நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருக்கும். இயற்கணிதத்தில் அது தராசின் முள்ளாகிறது. இருபுறமும் ஒரே நிறை. ஒரு தட்டில் எதைச் செய்கிறோமோ அதையே மற்றத் தட்டிலும் செய்ய வேண்டும். 'அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்' என்று நம் காலத்தில் மனப்பாடம் செய்வித்த விதி இத்தராசின் சுருக்கமே. அரபு மொழியில் 'அல்ஜப்ர்' என்பதற்கு மீட்டு நிரப்புதல் என்று பொருள். கழிக்கப்பட்டதை இருபுறமும் கூட்டி நிரப்பும் அச்செயலே ஆங்கிலத்தில் 'அல்ஜிப்ரா' என்ற பெயராயிற்று. விதியை மட்டும் அறிந்த பிள்ளை பெருக்கலிலும் குறியை மாற்றிவிடும். தராசை அறிந்த பிள்ளை மாற்றாது.

ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவைகளும் காரணிப்படுத்துதலும் இரு மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடும் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளன. 2023ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தையொட்டிப் பள்ளிப் பாடநூல்கள் படிப்படியாகப் புதுப்பிக்கப்பட்டு வருவதால், அத்தியாயங்களின் பெயரும் வரிசையும் மாறக்கூடும். ஒவ்வோராண்டும் வாரியம் வெளியிடும் பாடத்திட்டத்தை ஏப்ரல் மாதத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நன்று. முற்றொருமைகளை, அதாவது எக்ஸுக்கு எம்மதிப்பைக் கொடுத்தாலும் மெய்யாக நிற்கும் சமன்பாடுகளை, இக்கட்டத்தில் கைவரப் பெறாத மாணாக்கர் பத்தாம் வகுப்பில் இடர்ப்படுவார்.

பத்தாம் வகுப்பில் நான்கு படிகள் உண்டு: பல்லுறுப்புக்கோவைகள், இரு மாறிகளில் அமைந்த சமன்பாட்டு இணை, இருபடிச் சமன்பாடு, கூட்டுத் தொடர்வரிசை. முதலாவது சிறியது. இரண்டாவதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 3 பேனாவும் 2 குறிப்பேடும் 80 ரூபாய். 1 பேனாவும் 2 குறிப்பேடும் 60 ரூபாய். முதற் கணக்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2 பேனாவின் விலை 20 ரூபாய் என்பது தானே தெரியும். பேனா 10, குறிப்பேடு 25. கடைத்தெருவில் நாம் மனத்துக்குள் செய்வது இதுவே. வகுப்பில் இதற்கு நீக்கல் முறை என்று பெயர். இதே இணையை வரைபடத் தாளில் இரு நேர்கோடுகளாக வரைந்தால் அவை ஒரு புள்ளியில் வெட்டும், அப்புள்ளியே விடை. கோடுகள் இணையாகச் சென்றால் விடை இல்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் எண்ணற்ற விடைகள். இம்மூன்று நிலைகளையும் கெழுக்களின் விகிதத்தைக் கொண்டே சொல்லத் தெரிய வேண்டும் என்று பாடத்திட்டம் எதிர்பார்க்கிறது.

மூன்றாவதே இப்பாடத்தின் நெஞ்சம். ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் மிகுதி. பரப்பு 84 சதுர மீட்டர். அகலத்தை எக்ஸ் என்க. எக்ஸின் வர்க்கத்தோடு 5 எக்ஸைக் கூட்டி 84ஐக் கழித்தால் பூச்சியம் வரும். பெருக்கினால் குறை 84ம் கூட்டினால் 5ம் தரும் இரண்டு எண்கள் 12ம் குறை 7ம். ஆகவே எக்ஸ் 7 ஆகலாம், குறை 12ம் ஆகலாம். குறை 12 மீட்டர் அகலமுள்ள தோட்டம் இல்லையாதலால் அதை விலக்கி, அகலம் 7, நீளம் 12 என்று முடிக்கிறோம். ஏன் விலக்கினோம் என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும்.

காரணி எளிதிற் கிட்டாதபோது பயன்படும் சூத்திரத்தை வட இந்திய வகுப்பறைகளில் ஸ்ரீதராசாரியர் சூத்திரம் என்றே பலர் வழங்குகின்றனர். அச்சூத்திரத்தில் வர்க்கமூலக் குறியின் உள்ளே நிற்கும் கோவைக்குத் தமிழில் தன்மைகாட்டி என்று பெயர். மூலங்களின் தன்மையைக் காட்டுவது. நம் தோட்டக் கணக்கில் அது 361, அதாவது 19இன் வர்க்கம். ஆகையால்தான் விடை முழு எண்ணாக வந்தது. அது பூச்சியமானால் இரு மூலங்களும் சமம். பூச்சியத்துக்குக் குறைந்தால் மெய்யெண்ணில் விடை இல்லை. அத்தகைய விடைகளுக்கு இடமளிக்கும் கலப்பெண்கள் பதினோராம் வகுப்பில் வருகின்றன. நிறைவர்க்கமாக்கும் முறையால் தீர்வு காணும் பகுதி 2022-23ஆம் ஆண்டில் பாடநூலைச் சுருக்கியபோது பத்தாம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. சுமை குறைந்தது உண்மைதான். எனினும் சூத்திரம் எங்கிருந்து பிறந்தது என்பதைக் காட்டிய வழி அதுவே. ஓய்வுள்ள ஒரு மாலையில் அதை வீட்டில் செய்துபார்ப்பது வீணாகாது என்பது என் கருத்து.

நான்காம் படியாகிய கூட்டுத் தொடர்வரிசை எளிது, இனிதும்கூட. முதல் மாதம் 200 ரூபாய் சேமித்து, மாதந்தோறும் 50 ரூபாய் கூட்டிக்கொண்டே போனால் பன்னிரண்டாம் மாதத்தில் 750 ரூபாய், ஆண்டு முழுதும் 5,700 ரூபாய்.

மதிப்பெண் முறையையும் கூறிவிட வேண்டும். 2024-25ஆம் கல்வியாண்டின் பாடத்திட்டப்படி பத்தாம் வகுப்புக் கணிதத்தின் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண். அதில் இயற்கணிதத்துக்கு 20. பிரிவுகள் ஏழனுள் மிகப் பெரியது இதுவே. ஆண்டு முழுவதும் பள்ளியில் நடைபெறும் தேர்வுகள், குறிப்பேட்டுத் தொகுப்பு, செய்முறை ஆகியவற்றுக்கு எஞ்சிய 20. விரிவாக விடை எழுதும் வினாக்களில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. மனக்கணக்கில் வல்ல பிள்ளை விடையை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பது இங்கேதான். 'எக்ஸ் என்பது அகலம் என்க' என்ற முதல் வரியிலிருந்து தொடங்கி எழுதப் பழக்க வேண்டும்.

2019-20ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு ஸ்டாண்டர்டு, பேசிக் என இரு நிலைகளில் நடைபெறுகிறது. பாடம் ஒன்றே, வகுப்பும் ஒன்றே; வினாத்தாளின் கடுமை மட்டும் வேறு. மேல்நிலையில் கணிதத்தைத் தொடர விரும்புவோருக்கென வகுக்கப்பட்டது ஸ்டாண்டர்டு. தேர்வர் பட்டியலைப் பள்ளி வாரியத்துக்கு அனுப்பும்போதே இத்தேர்வைச் செய்துவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் ஒரு மோசமான பருவத் தேர்வைக் கண்டு அஞ்சி, பதினைந்து வயதுப் பிள்ளை தானே பேசிக் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருவதுண்டு. பொறியியல், இயற்பியல், பொருளியல் என எத்துறையை நாடினாலும் அவ்வொரு சொல் குறுக்கே வந்து நிற்கக்கூடும். ஆகையால் கையெழுத்திடுமுன் பதினோராம் வகுப்புச் சேர்க்கையின் விதி என்னவென்று பள்ளியில் கேட்டறிய வேண்டும்.

இறுதியாக, இடமாற்றம் பெற்றுத் தமிழ்நாட்டுக்குத் திரும்புவோருக்கும் அங்கிருந்து வருவோருக்கும் ஒரு செய்தி. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளும், பல்லுறுப்புக்கோவையின் வர்க்கமூலமும், அணிகளும், பெருக்குத் தொடர்வரிசையும் இடம்பெறுகின்றன. மத்திய வாரியத்தில் பெருக்குத் தொடர்வரிசை பதினொன்றில், அணிகள் பன்னிரண்டில். ஒன்பது முடித்துச் சென்னைக்குச் செல்லும் பிள்ளை இவற்றைப் புதிதாகச் சந்திக்க நேரும். பத்து முடித்து அங்கிருந்து வரும் பிள்ளை சிலவற்றை முன்னரே கற்று வந்திருக்கும். தில்லியிலும் போபாலிலும் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, தமிழ்நாட்டில் ஜூனில். இங்கே ஒன்பதாம் வகுப்பை மார்ச்சில் முடித்து அங்கே செல்லும் பிள்ளைக்கு இடையே இரண்டு மாதம் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஊரிலுள்ள உறவினர் வாயிலாக முன்னரே தருவித்து, மூன்று மாறிச் சமன்பாட்டையும் அணிகளையும் அவ்விரு மாதங்களில் ஒருமுறை பார்த்துவிட்டால், ஜூன் மாத முதல் வாரத்தில் பிள்ளை பின்வரிசையைத் தேடிப் போகாது.