அம்பாசிடர் நின்ற இடத்தில் ஓர் அறை

கோவை சிங்காநல்லூரின் பழைய குடியிருப்புத் தெருக்களில் சாயங்காலம் நடந்து போனால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். வீட்டில் கார் ஷெட் இருக்கும், கார் தெருவில் நிற்கும். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் காற்றுப்போன சைக்கிள், ஓடாத கிரைண்டர், கால் உடைந்த கட்டில், என்றைக்காவது உதவும் என்று எடுத்துவைத்த பெயிண்ட் டப்பாக்கள்.

வீட்டுக்காரரின் சோம்பலை இதற்குக் குறை சொல்ல முடியாது. கணக்கு அப்படி. அந்தக் காலத்து ஷெட் பெரும்பாலும் பத்தடிக்குப் பதினாறடி. பதினாறடி என்றால் 4.88 மீட்டர். அம்பாசிடரின் நீளம் 4.3 மீட்டர் சொச்சம்; உள்ளே விட்டு டிக்கியைத் திறக்கவும் இடம் இருக்கும். இன்னோவா கிரிஸ்டாவின் நீளம் 4.73 மீட்டர். அதை உள்ளே ஏற்றினால் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. 2014இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதற்கெனக் கட்டிய ஷெட்டுகள் மட்டும் ஊரெங்கும் அப்படியே நிற்கின்றன.

பத்துக்குப் பதினாறு என்பது 160 சதுர அடி. குடியிருக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடியாவது இருக்க வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. அந்த அளவைத் தாண்டியும் ஷெட்டில் ஒரு குளியலறைக்கு இடம் மிஞ்சும். மாடி ஏற முடியாத அப்பாவுக்கு ஓர் அறை, படிக்கிற பிள்ளைக்கு ஓர் அறை, வீட்டிலிருந்தே தையலோ டியூஷனோ நடத்துகிறவருக்கு ஓர் அறை என்று தேவைக்கும் பஞ்சமில்லை. மூன்று சுவர் ஏற்கெனவே நிற்கிறது. மீதியைப் பழைய சாமானில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. முடியும். எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இடிகிற வீடுகளும் மரக்கடையும்

பழைய சாமானுக்குக் கோவையில் குறைவு வராது. பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் இது. 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1910இல் லட்சுமி மில், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாக மற்ற மில்கள். மில்லோடு சேர்ந்து முதலாளி பங்களாக்கள், அதிகாரிகளின் வீடுகள், தொழிலாளர்களின் லைன் வீடுகள் எழும்பின. அவை இப்போது ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாக மாறுகின்றன. ஒவ்வொரு இடிப்பிலும் தேக்குக் கதவு நிலவுகள், இரும்புக்கம்பி வைத்த ஜன்னல்கள், கைமரங்கள், சீமை ஓடுகள், கடப்பைக் கற்கள் வெளியே வருகின்றன. நல்ல சாமானைப் பழைய மரக்கடைக்காரர்கள் இடிப்பதற்கு முன்பே பேசி எடுத்துவிடுகிறார்கள். இரும்பு, எடைக்குப் போய்விடுகிறது.

மரக்கடையில் நுழைந்தவுடன் வரும் முதல் கேள்வி, "அளவு கொண்டாந்திருக்கீங்களாங்க?" என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார்கள்: மூன்றரைக்கு ஏழு. அந்த அளவில் பழைய கதவு கிடைப்பது அபூர்வம். அந்தக் காலத்துக் கதவுகள் பல, ஆறடிக்கும் குறைவு; குனிந்து நுழைகிற உயரம். ஜன்னல்களும் அப்படித்தான், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அதனால் அனுபவப்பட்டவர்கள் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கதவும் ஜன்னலும் முதலில் கைக்கு வரும். அவற்றை ஷெட்டில் சாய்த்து வைத்து அளவெடுத்த பிறகே மேஸ்திரி சுவரில் கை வைப்பார்.

மரத்தைப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. கதவின் அடிப்பக்கம், நிலவு தரையில் புதைந்திருந்த முனை, கீல் அடித்த இடம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் உளு இருக்கிறது. சிறிய சுத்தியலால் தட்டினால் நல்ல தேக்கு கணீரென்று பேசும். உள்ளே அரித்த மரம் பொத்தென்று கேட்கும். ஒரு மூலையில் இழைப்புளி போட்டுப் பார்க்கச் சொன்னால் கடைக்காரர்கள் மறுப்பதில்லை. அறுபது வருசப் பெயிண்டுக்கு அடியில் பொன்னிறமாகத் தேக்கின் ரேகை தெரிந்து, எண்ணெய் வாசம் கிளம்பினால் பேரம் பேசத் தொடங்கலாம்.

ஓட்டுக்கும் இதே தட்டுதான். விரல் முட்டியால் தட்டினால் 'ணங்' என்று ஒலிக்கிற ஓடு நல்ல ஓடு. திருப்பிப் பார்த்தால் முதுகில் தொழிற்சாலையின் பெயர் புடைத்திருக்கும். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில், பிறகு கோழிக்கோடு பக்கத்து ஃபெரோக் வரை இறங்கி வந்தது. சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு என்று கணக்கு. சாய்வையும் இறவாரத்தையும் சேர்த்தால் நம் ஷெட்டுக்கு ஏறத்தாழ முந்நூறு ஓடு. உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிவைப்பது நல்லது. ஒரே தொழிற்சாலையின் ஓடாகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் காடி இன்னொன்றில் உட்காராது, ஐப்பசி மழை நேராகக் கட்டிலில் இறங்கும்.

பெரியவர்கள் காட்டிய வழி

பழையதைப் பொறுக்கி வீடு கட்டுவது ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் கொழும்பில் 33ஆம் லேனில் இருக்கும் 11ஆம் எண் வீட்டைப் பார்க்க வேண்டும். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தனக்கென்று அமைத்துக்கொண்ட வீடு அது. ஒரே வரிசையில் இருந்த நான்கு சிறு வீடுகளை 1958 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, சுவர்களை உடைத்து ஒரே வீடாக்கினார். உள்முற்றத்தில் நிற்பவை செட்டிநாட்டிலிருந்து போன பழைய தூண்கள். நுழைந்தவுடன் வரும் கார் ஷெட்டை அவர் ஒளித்துவைக்கவில்லை. பழைய ரோல்ஸ் ராய்ஸ் நிற்கும் அந்த இடமும் வீட்டின் ஓர் அறைபோலவே இருக்கிறது. பத்திக் துணி ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அவர் 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீட்டுக்கு இடிபடும் நிலை வந்தது. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, எண் போட்டு, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். 2009இல் தொடங்கிய வேலை 2016இல் முடிந்தது.

நம் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா இருக்கிறது. தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கிப் பிரித்து, அதே மரமும் ஓடுமாகத் திரும்ப எழுப்பி, 1996இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது.

ஷெட்டை அறையாக்குகிறவர்களுக்கு மிகவும் பயன்படும் பாடத்தைத் தந்தவரும் பேக்கர்தான். பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்தவர். தளம் போடும்போது கான்கிரீட்டின் கீழ்ப்பாதி பெரிதாக வேலை செய்வதில்லை, அங்கே இழுவிசையைத் தாங்குவது கம்பிதான் என்பது பொறியியல். அந்தக் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை அடுக்கி, மேலே கான்கிரீட் ஊற்றினார் பேக்கர். சிமெண்டு குறைந்தது, தளத்தின் எடை குறைந்தது. இரண்டு ஓடுகளுக்கு இடையில் அடைபட்ட காற்று வெயிலையும் தடுத்தது. செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டும் அவர் பரப்பியதுதான். செங்கல் கால்பங்கு மிச்சம்.

ஷெட் வேறு, அறை வேறு

கார் வேர்க்காது, இருமாது. மனிதன் அப்படியில்லை. ஷெட்டை மாற்றும்போது பணம் முதலில் போக வேண்டிய இடங்கள் தரை, கூரை, காற்று.

ஷெட்டின் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். வண்டி கழுவிய தண்ணீர் வெளியே ஓடுவதற்கு. மட்டம் தட்டி, வீட்டுத் தரைக்கு இணையாக உயர்த்த வேண்டும். சிங்காநல்லூர்க் குளத்துக்கு அருகில் இருக்கிற தெருக்களில் இது இன்னும் முக்கியம். 288 ஏக்கர் குளம் நிறைந்திருக்கும் நாட்களில் சுற்றுப்புறத்து நிலத்தடி நீரும் ஏறும், ஈரம் சுவர் வழியாக மேலே வரும். பழைய மண் தரைமேல் உடைந்த செங்கலைக் கொட்டி இடித்து, அதன்மேல் தடித்த பாலித்தீன் விரித்து, பிறகு கான்கிரீட் போட்டால் ஈரம் நிற்கும். உடைந்த செங்கலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இடிக்கிற இடத்தில் எடுத்துப்போகச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

உயரமும் பார்க்க வேண்டும். குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி வேண்டும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஷெட் பல இதற்குக் குறைவு. சுவரை இரண்டடி உயர்த்தி, 30 டிகிரி சாய்வில் பழைய கைமரம் ஏற்றி ஓடு போட்டால் உயரமும் கிடைக்கும், சூடும் தணியும்.

காற்று கோவைக்குக் கிடைத்த வரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஆடியில் அந்த வழியே வரும் காற்றை வாங்க மேற்குப் பக்கமோ தென்மேற்கோ ஒரு ஜன்னல், அது வெளியேற எதிர்ச்சுவரில் இன்னொன்று. ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறை பழையபடி ஷெட்தான். தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்பது வறண்ட வெப்ப ஊர்களுக்கான அளவு. மூன்றுக்கு நான்கடி ஜன்னல் இரண்டு வைத்தால் 24 சதுர அடி, தாராளம். ரோலிங் ஷட்டர் இருந்த பெரிய வாசலை முழுவதும் அடைக்காமல், பழைய மரக்கடையில் கிடைக்கும் நான்கு இலை ஜன்னலை அங்கே வைத்துக் கீழே திண்ணை கட்டினால் அறையின் முகமே மாறும்.

எதைத் தொடக்கூடாது

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பழையதாக வாங்கக் கூடாது. ஷெட்டில் ஏற்கெனவே இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ துளைபோடவோ கூடாது; அதன் இழை நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும்.

பழைய கதவின் பெயிண்டும் ஆபத்து. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் என்று கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். நனைத்துச் சுரண்ட வேண்டும், முகத்தில் மாஸ்க் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பழைய ஒயர், சுவிட்சு, தண்ணீர்க் குழாய், வளைத்து நிமிர்த்திய கான்கிரீட் கம்பி ஆகியவற்றில் மிச்சம் பிடிக்க நினைக்காமல் புதிதாகவே வாங்க வேண்டும்.

மிச்சம் எங்கே, செலவு எங்கே

பழைய சாமான் என்றால் பாதிச் செலவில் முடியும் என்று கிளம்புகிறவர்கள் பாதி வழியில் முகம் சுளிக்கிறார்கள். சாமான் மலிவு, கூலி மலிவில்லை. ஒரு நிலவைச் சீராக்க, ஆசாரி ஆணி பிடுங்கி, ஓட்டை அடைத்து, கீல் மாற்றி, இழைத்து, பாலிஷ் போட வேண்டும். பழைய ஆணி ஒன்று தப்பினால் ரம்பப் பல் போய்விடும். செங்கலிலும் இதே கதை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் தட்டினால் சாந்து உதிர்ந்து முழுசாக வரும். சிமெண்டில் கட்டியது உடைந்துதான் வரும். சுத்தம் செய்ய ஆள் வைத்தால் புதுச் செங்கல் விலையைத் தொட்டுவிடும். ஆள் கூலியில் கொஞ்சத்தைக் குடும்பமே செய்துகொள்கிற வீட்டில்தான் உண்மையான மிச்சம். மற்றவர்களுக்குக் கிடைக்கும் லாபம் வேறு: இன்றைய விலையில் நினைத்துப் பார்க்க முடியாத முதிர்ந்த தேக்கு.

அனுமதியையும் மறக்கக் கூடாது. 1981இல் கோவை மாநகராட்சி உருவானபோது சிங்காநல்லூர் நகராட்சி அதோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய வீடுகளின் வரைபடம் பலரிடம் கையில் இல்லை. வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டியதைக் குடியிருப்பாக்கத் திருத்திய வரைபடமும் அனுமதியும் தேவை. காம்பவுண்டை ஒட்டி நிற்கும் ஷெட் என்றால் பக்கத்தில் விட வேண்டிய இடம் பற்றிய கேள்வியும் எழும். சொத்துவரியும் மாறும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளை அறிந்த உரிமம் பெற்ற பொறியாளரிடம் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வீட்டுத் தட்டுப்பாடு முற்றி, கார் ஷெட்டை வீடாக்கினால் மாற்று நிறுத்துமிடம் கேட்கக் கூடாது என்று 2020 முதல் சட்டமே இருக்கிறது. இங்கே அந்தச் சலுகை இல்லை.

செங்கலுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு

கோவைக்குச் செங்கல் கொடுத்தது தடாகம் பள்ளத்தாக்கு. யானைகள் நடமாடும் அந்த அடிவாரத்தில் செம்மண்ணை அனுமதியின்றித் தோண்டியதால் வழக்குகள் வந்தன. 2021இல் 180க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. ஒருபுறம் மண்ணுக்காக மலையடிவாரம் பள்ளமாகிறது. மறுபுறம் இடித்த வீட்டின் முழுச் செங்கல்கள் ஜல்லியோடு ஜல்லியாக ஓடைக்கரையிலும் ரோட்டோரத்திலும் கொட்டப்படுகின்றன. கட்டட இடிபாடுகளைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016இலேயே மத்திய அரசு விதி செய்தது.

வீட்டை இடிக்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்றுண்டு. ஜேசிபிக்குச் சொல்வதற்கு நாலு நாள் முன்னால் பழைய மரக்கடைக்காரருக்குச் சொல்லுங்கள். முதலில் ஓடு இறங்கட்டும், பிறகு கைமரம், பிறகு ஜன்னல், கடைசியில் நிலவு. இரண்டு மூன்று ஆட்களுக்கு அந்த நாலு நாள் போதும். ஜேசிபி முதலில் வந்துவிட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் ஜல்லி.