எச்.ஐ.வி: கதைக்க வெட்கப்பட்டு இழந்த மூன்று மாதம்

நாங்கள் இலண்டனில் உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்பவர்கள். ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படிப்பு ஓ.எல். உடன் நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததைப் புதிதாக வந்த குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட நண்பரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

2022 மாரி காலத்தில் நண்பருக்கு இருமல் விடவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே போனது. குளிர், நித்திரைக் குறைவு என்று நாங்களே காரணம் சொல்லி மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தோம். பிறகு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த எங்களில் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"இவர் ஓரினச்சேர்க்கையாளரா?" என்று வைத்தியர் கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரில் மனைவியும் பிள்ளையும் இருக்கினம்" என்று நண்பரைக் கேளாமலே பதில் சொன்னோம். அந்தப் பதிலால் மூன்று மாதம் வீணாகியது.

நிமோனியா முற்றி வைத்தியசாலையில் சேர்த்த பிறகு, தொலைபேசியில் முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துத் தாதி கேட்டாராம்: "ஆண்களோடு உடலுறவு வைத்ததுண்டா?" நண்பர் "ஓம்" என்றார். இரத்தம் சோதித்தார்கள். எச்.ஐ.வி. கிருமி இருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? அவருடைய கோப்பையைப் புறம்பாக எடுத்து வைத்தோம். இன்றும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. கோப்பையாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, ஒரே கழிப்பறையாலோ இது தொற்றாது.

பெயர் வேறு, செயல் வேறு

நண்பர் வைத்தியரிடம் பொய் சொல்ல நினைக்கவில்லை. தன்னைக் குடும்பஸ்தன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆண் ஆணை விரும்புவது நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒருவர் தன்னை என்ன பெயரால் அழைக்கிறார் என்பது கிருமிக்குப் பொருட்டல்ல. ஆணுறை இல்லாத உடலுறவு, ஊசியைப் பகிர்தல், தாயிடமிருந்து பிள்ளைக்கு என்பவையே முக்கிய வழிகள்.

இது ஆண்களின் விடயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 இல் உலகில் இக்கிருமியோடு வாழ்ந்த 3 கோடி 99 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களும் சிறுமிகளுமே.

தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து

தொற்றிய சில கிழமைகளில் காய்ச்சல், தொண்டை நோ வரலாம். அதுவும் மாறிவிடும். பிறகு பல வருடம் ஆள் சுகமாகவே தெரிவார். உள்ளே எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே போகும். அது முற்றிய நிலைதான் எயிட்ஸ். 2023 இல் உலகில் ஏறக்குறைய 54 இலட்சம் பேருக்குத் தங்களிடம் கிருமி இருப்பதே தெரியாது.

இங்கே என்ன செய்யலாம்?

பாலியல் சுகாதார நிலையங்களில் பரிசோதனை இலவசம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை. முடிவை வீட்டுக்காரருக்கோ முதலாளிக்கோ சொல்லமாட்டார்கள். இங்கிலாந்தில் 2012 முதல், விசா எந்த நிலையில் இருந்தாலும் எச்.ஐ.வி. சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆபத்தான தொடர்பு ஏற்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் போனால் தடுப்புக் குளிசை தருவார்கள்.

முக்கியமாக ஒன்று: மொழிபெயர்க்கப் பிள்ளையையோ, சொந்தக்காரரையோ, எங்களைப் போன்ற நண்பர்களையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வைத்தியசாலையிடமே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

நண்பர் இப்போது நாளுக்கொரு குளிசை எடுக்கிறார். பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நிலையில் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. 2019 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், அப்படிக் குளிசை எடுத்த துணையிடமிருந்து ஒருவருக்குமே தொற்றவில்லை.

மனைவி வருவதற்கு முன்பே அவர் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு கிழமை அந்தப் பக்கம் பதில் இல்லை. பிறகு வந்தார். சோதித்துப் பார்த்தார், கிருமி இல்லை. அவர்கள் இருவரும் என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் விடயம்.

நாங்களும் போய் இரத்தம் கொடுத்தோம். முடிவு வரும்வரை ஒருவரும் வடிவாகச் சாப்பிடவில்லை. எங்களுக்குக் கிருமி இல்லை. நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோப்பை பழையபடி அலுமாரியில், எங்கள் கோப்பைகளோடுதான் இருக்கிறது.