வெட்டு விழும் இடம்

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பெயர் கொடுத்தவர், 1967-ல் உருவான ஈ.சி.ஐ.எல். மின்னணு நிறுவனத்துக்கு அடித்தளமிட்ட விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவ். அந்த வட்டாரத்தில் பணி ஓய்வு பெற்றவர்களும் அதிகம், செர்லபள்ளி, மல்லாபூர், நாச்சாரம் பக்கம் போனால் மருந்து ஆலைகளும் அதிகம். முதியவர்களின் மறதியையும் அதற்கு மருந்து தேடிய கதையையும் சேர்த்துப் பேச வசதியான இடம்தான்.

சாப்பிட்டு முடித்த அரை மணியில் “இன்னும் சாப்பாடு போடலையே” என்று தாத்தா கேட்டால், “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு அல்சைமருக்கு.

அல்சைமர் நோயின் அடையாளங்களில் ஒன்று, மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே சேரும் அமைலாய்டு படிவு. இது வெளியிலிருந்து வந்த நஞ்சு கிடையாது. நம் உடலே தயாரிக்கும் ஒரு நீளமான புரதத்தின் துண்டு. ஏ.பி.பி. எனப்படும் அந்தப் புரதம் நரம்பணுவின் சவ்வில் குறுக்கே செருகியிருக்கும்; பெரும்பகுதி வெளியே, சிறு வால் உள்ளே. அதைப் புரதம் வெட்டும் நொதிகள் வெட்டுகின்றன. ஆல்ஃபா சீக்ரடேஸ் வெட்டினால் வெட்டு சரியாக அமைலாய்டு பகுதியின் நடுவிலேயே விழும், எனவே அந்தத் துண்டு உருவாகவே வாய்ப்பில்லை. பீட்டா சீக்ரடேஸ் வேறோர் இடத்தில், அமைலாய்டு பகுதி தொடங்கும் முனையில் வெட்டுகிறது. பிறகு காமா சீக்ரடேஸ் சவ்வுக்குள்ளேயே, எண்ணெய்ப் பசை நிறைந்த இடத்தில் மறுமுனையை வெட்டுகிறது. வெட்டுவதற்குத் தண்ணீர் மூலக்கூறு வேண்டும். கொழுப்புக்குள் அதை எப்படிக் கொண்டுவருகிறது என்பதே ஆய்வாளர்களை வியக்கவைத்த விஷயம். வெளியேறும் துண்டில் 40 அமினோ அமிலங்கள் இருந்தால் பெரிதாகத் தொந்தரவில்லை. 42 இருந்தால் எளிதில் ஒட்டிக்கொண்டு படிகிறது. இரண்டே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம்!

1999-ல் பல குழுக்கள் தனித்தனியே பீட்டா சீக்ரடேஸைக் கண்டுபிடித்தபோது ஆய்வுலகம் துள்ளியது. நொதியை அடைத்துவிட்டால் படிவு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது ஆய்வாளர் ஜோர்டன் டாங்குடன் சேர்ந்து முதல் வலுவான தடுப்பானை வடிவமைத்தவர் கல்கத்தாவில் பிறந்து ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த வேதியியலாளர் அருண் கோஷ். எச்.ஐ.வி. வைரஸின் புரதம் வெட்டும் நொதியை அடைக்கும் தருணாவிர் மருந்தும் அவர் ஆய்வின் விளைவே. 2006-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது பல உயிர்களைக் காத்தது. ஹைதராபாத்தின் ஹெட்டெரோ நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. இரண்டு நொதிகளும் வேதியியல் இயல்பில் ஒரே குடும்பம். அங்கே பலித்த வித்தை இங்கே ஏன் பலிக்காது?

பலிக்கவில்லை. பீட்டா சீக்ரடேஸை அடைக்கும் மருந்துகளில் வெருபெசெஸ்டாட் சோதனைகளை 2017, 2018 ஆண்டுகளில் நிறுத்தினார்கள். அடாபெசெஸ்டாட் கல்லீரலைப் பாதித்ததால் 2018-ல் போனது. 2019-ல் உமிபெசெஸ்டாட் கைவிடப்பட்டபோது காரணம் இன்னும் சங்கடமானது: மருந்து எடுத்துக்கொண்டவர்களின் நினைவாற்றல், எடுக்காதவர்களைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. காமா சீக்ரடேஸை அடைத்த செமகாசெஸ்டாட் அதற்கு முன்பே, 2010-ல், தோல் புற்றுநோய் ஆபத்தோடு முடிந்துபோயிருந்தது.

விளக்கம் எளிது. எச்.ஐ.வி.யின் நொதி வைரஸுக்கு மட்டும் சொந்தம், அடைத்தால் நஷ்டம் வைரஸுக்குத்தான். பீட்டா சீக்ரடேஸ் நம்முடையது. நரம்பு உறை உருவாவதற்கும், நரம்பணுச் சந்திப்புகள் ஒழுங்காக இயங்குவதற்கும் வேறு சில புரதங்களையும் அது வெட்டிக்கொடுக்கிறது. காமா சீக்ரடேஸ் வெட்டும் நாட்ச் என்ற புரதம் செல்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. பாதி வேலையை நிறுத்தி மறுபாதியை ஓடவிட, இவை தண்ணீர்க் குழாயா என்ன?

ஆனால் இந்த வழி முற்றிலும் தவறென்று தூக்கிப்போட ஐஸ்லாந்து தடையாக நிற்கிறது. அங்கே சிலரிடம் ஏ.பி.பி. மரபணுவில், பீட்டா சீக்ரடேஸ் வெட்டும் இடத்துக்கருகே, ஓர் இயல்பான மாற்றம் இருப்பது 2012-ல் தெரியவந்தது. அதனால் அமைலாய்டு உற்பத்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. அவர்களுக்கு அல்சைமரும் குறைவு. பிறப்பிலிருந்தே லேசாகக் குறைவது வேறு, நோய் முற்றிய பிறகு அழுத்தி அடைப்பது வேறு. என் கணிப்பில் மருந்து ஆய்வு தவறியது குறியில் இல்லை, நேரத்திலும் அளவிலும்தான்.

சுத்தம் செய்யும் நொதிகளும் உண்டு. நெப்ரிலைசின், இன்சுலினைச் சிதைக்கும் நொதி ஆகிய இரண்டும் அமைலாய்டு துண்டுகளை மேலும் நறுக்கிப் போடுகின்றன. இன்சுலினும் அமைலாய்டும் அந்த இரண்டாவது நொதிக்காகப் போட்டியிடக்கூடும் என்பது சர்க்கரைநோய்க்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பைத் துலக்க முயலும் ஒரு கருத்து. சர்க்கரை மலிந்த நம் ஊர்களில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

மருந்துக்கு வெளியே ஹைதராபாத்துக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இரண்டு மொழிகளில் பேசிப் பழகியவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நோய் சராசரியாக 4.5 ஆண்டுகள் தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இது காணப்பட்டது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஆட்டோவில் இந்தி என்று பழகிய ஹைதராபாத் தமிழர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் தாமதம்தான், தடுப்பு இல்லை.

ஆகவே வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பழகிய தெருவில் வழி தடுமாறினாலோ, வயசுக்குப் பழிபோடாமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களும் அதே மறதியாகத் தோன்றும்.