உடைந்த பல்லும் பழைய அடைப்பும்

முறுக்கைக் கடிக்கும்போதோ, சோற்றிலுள்ள சிறுகல் அகப்படும்போதோ கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை உடைந்து விழுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அடைத்த பல் அது. வலி சிறிதும் இல்லை. ‘வலிக்காத பல்லுக்கு வைத்தியம் எதற்கு?’ என்று அதனை மறந்துவிடுவோர் நம் குடும்பங்களில் அநேகர். வலி வந்த பின்னரோ, ‘பிடுங்கி எறிந்தால் தொல்லை தீர்ந்தது’ என்பர். இவ்விரண்டுமே நமக்கு இழப்பைத் தருபவை.

ஏன் உடைகிறது?

பல்லின் மேலுறையாகிய எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அதில் உயிரணுக்கள் இல்லை. எனவே உடைந்தால் எலும்பைப் போல் அது மீண்டும் கூடுவதில்லை. முன்பு சொத்தைக் குழியில் பெரும்பாலும் இடப்பட்டது, அமால்கம் எனும் வெள்ளி நிறக் கலவை. அதில் ஏறத்தாழப் பாதி பாதரசம். எஞ்சியவை வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியன. இக்கலவை பல்லோடு ஒட்டுவதில்லை. ஆகவே அது கழன்று வராதிருக்க, வாய் குறுகி அடி அகன்ற குழியாகக் குடைவர். நல்ல பல்லிலும் ஒரு பகுதி இதனால் குறையும். மெலிந்த சுவர்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லும் விசையைத் தாங்கி, ஒருநாள் முறிகின்றன. அடைப்பின் ஓரத்தில் புதிய சொத்தை புகுந்திருப்பதும் உண்டு. முறுக்கு வெறும் சாக்கே!

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில், பல்லின் உயிர்ப்பகுதியாகிய பற்கூழை நோக்கிச் செல்லும் நுண்குழல்கள் உள்ளன. உடைப்பினால் கிருமிகளுக்கு அவ்வழி திறந்துவிடுகிறது. வலியில்லை என்பதால் ஆபத்தில்லை என்று கொள்ளலாகாது.

உடனே செய்ய வேண்டியவை

வெதுவெதுப்பான நீரால் வாயைக் கொப்பளியுங்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்துச் சற்று நேரம் அழுத்துங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் பாலிலோ நீரிலோ இட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அப்பக்கமாக மெல்லாதீர்கள். கூர்முனையை வீட்டிலேயே அராவுவதும், கடையில் விற்கும் பசையால் ஒட்டுவதும் கூடாது. வலி மாத்திரையை ஈறில் வைத்து அடக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது ஈறைப் புண்ணாக்கிவிடும். கிராம்புத் தைலம் வலியைச் சிறிது நேரமே அடக்கும், நோயைத் தீர்க்காது.

கடித்துவிட்டு விடும் கணத்தில் சுரீரென வலித்தால், பல்லில் விரிசல் இருக்கலாம். சூடோ குளிர்ச்சியோ பட்டபின் வலி நெடுநேரம் நீடித்தால், பற்கூழ் பாதிக்கப்பட்டிருக்கலாம். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் இடர்ப்பட்டாலோ, ஒரு நாழிகையும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருத்துவர் என்ன செய்வார்?

சிறு உடைப்பாயின் தேய்த்து மழமழப்பாக்குவார். அல்லது பல்லின் நிறமுள்ள கலவையால் சீர்செய்வார். 1955-இல் அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர், எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாகப் பற்றும் எனக் காட்டினார். இன்றைய அடைப்புகள் பல்லோடு ஒட்டுவது அம்முறையினாலேயே. சுவர் பெரிதும் இடிந்திருந்தால் பல்லுக்கு ‘கேப்’ போடுவார். பற்கூழ் கெட்டிருந்தால் முதலில் வேர்ச் சிகிச்சை தேவைப்படும்.

‘பாதரசம் நஞ்சாயிற்றே, பழைய அடைப்புகள் யாவற்றையும் எடுத்துவிடலாமா?’ எனச் சிலர் அஞ்சுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க இயலாத மருத்துவத் தேவை தவிர, அமால்கம் இடுவதை நிறுத்திவிட்டது உண்மையே. ஆயினும் நல்ல நிலையிலுள்ள அடைப்பைக் காரணமின்றிக் குடைந்தெடுத்தால் நல்ல பல்லும் குறையும். பாதரச ஆவியும் அப்போது மிகும். உடைந்ததைச் சீர்செய்யுங்கள், உறுதியாயிருப்பதை விட்டுவிடுங்கள்.

பிடுங்குவது எளிது, செலவும் குறைவு என்று தோன்றலாம். ஆனால் அவ்விடம் வெறுமையானால் பக்கத்துப் பற்கள் சாயும். எதிர்ப்பல் நீண்டு இறங்கும். மெல்லும் ஆற்றல் குன்றும். பணமில்லையே என்று தயங்குவோருக்கு அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகள் உள்ளன. சென்னையில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இயங்கி வருகிறது.

பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவிலும் ஓடும் அன்னையர், தம் பல்லுக்கு மட்டும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். அவர்களை இவ்வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமையாகும்.