ஒலிக்காத ஓர் எழுத்து

ரொட்டியைப் பிட்டு உண்டபின் மேசையில் எஞ்சிக் கிடக்கும் துணுக்கிற்கு ஆங்கிலத்தில் ‘க்ரம்’ என்று பெயர். சொல்வதெழுதுதலில் நம்மில் பலர் சி, ஆர், யு, எம் என எழுதி நிறுத்திவிடுகிறோம். இறுதியில் ஒலிக்காத ‘பி’ ஒன்று உண்டு. அதை விட்டதால் மதிப்பெண் குறைகிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘க்ருமா’ என வழங்கியது. அதில் ‘பி’ இல்லை. உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் ‘க்ரூமெ’தான். பின்னாளில்தான் ‘பி’ வந்து ஒட்டிக்கொண்டது. 1611-இல் இங்கிலாந்தில் அச்சான விவிலியத்தில்கூட இச்சொல் ‘பி’ இன்றியே காணப்படுகிறது. கட்டைவிரலைக் குறிக்கும் ‘தம்’ என்னும் சொல்லிலும் ‘பி’ இடையில் வந்ததே. ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘லேம்’ என்பதிலோ அது தொடக்கமுதல் இருந்து, பின்னர் ஒலி இழந்தது.

ஆகவே, நாம் விடுவது முன்னோரும் எழுதாத எழுத்தே! எனினும் தேர்வில் விடலாகாது. நொறுங்குதலைக் குறிக்கும் ‘க்ரம்பிள்’ என்பதில் ‘பி’ நன்கு ஒலிக்கிறது. அதை நினைவிற்கொண்டால் இதை மறவோம்.

புனித மத்தேயு நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில், கானானியப் பெண் தன் மகளுக்காக, மேசையிலிருந்து விழும் துணுக்கையாவது வேண்டி நிற்கிறாள். ஆண்டவர் அவளது விசுவாசத்தைப் புகழ்கிறார், மகள் நலமடைகிறாள். ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னவர் அவரே. 12 கூடைகள் நிறைந்தன.

அன்புத் தோழியரே, உணவில் சிறு துணுக்கையும், எழுத்தில் சிறு ‘பி’யையும் வீணே விடாதிருப்போம்!