சாய்நிலத்தில் மனைகோலுதல்

சமதரையிலே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தார் மலைநாட்டிலே வளவு வாங்கியதும் முதலிற் செய்வது, மண்ணை வெட்டித் தரையைத் தட்டையாக்குவதேயாம். நாற்சார் வீட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சாய்வு ஒரு குறைபாடாகவே தோன்றும். மலைச்சரிவோ அவ்வாறு வெட்டப்படுவதை எளிதிற் பொறுப்பதன்று.

கணக்கொன்று பார்ப்போம். 6 அடிக்கு 1 அடி வீழும் சாய்விலே 30 அடி அகலமுள்ள வீடு அமைப்பதாயின், இரு விளிம்புகளுக்குமிடையே 5 அடி வேறுபாடு உண்டு. முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டினால், வீட்டின் பின்னே 5 அடி உயர மண்சுவர் நிற்கும். அவ்வீட்டையே 15 அடி அகலமான இரு தளங்களாகப் பிரிப்பின் ஒவ்வொரு வெட்டும் இரண்டரை அடியே; அகற்றும் மண்ணும் சரிபாதியாகக் குறையும். இரு தளங்களையும் அரையடி உயரமுள்ள ஐந்து படிகள் இணைத்துவிடும். மேற்றளத்து விறாந்தையிலிருப்போர் கீழ்த்தளத்துக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கையும் காண்பர். வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறங் கொட்டி, அதன்மேற் பாதி வீட்டை நிறுத்துவோரும் உளர். கொட்டிய மண் இறுகித் தாழும். வெட்டிய தரை தாழாது. இடையிலே சுவர் வெடிக்கும்.

இம்முறையின் அழகைக் காட்டும் சிறந்த சான்று கண்டியிலுள்ள கருணாரத்ன இல்லமாகும். 1949 முதல் 1951 வரை கட்டப்பட்ட இதனை வகுத்தவர் மினெற் டி சில்வா அம்மையார் (1918–1998). பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இணை அங்கத்தவரான முதல் ஆசியப் பெண்மணி இவரே. மலைச்சரிவுக்கு இசையத் தளங்களை வெவ்வேறு மட்டங்களில் அமைத்த அம்மையார், கொங்கிறீற்றையும் கண்ணாடியையும் தயங்காது பயன்படுத்தினார். தும்பறைப் பாய் நெசவையும், சுடுமண் ஓட்டு வேலையையும், அரக்கு வேலையையும் அவற்றோடு கூட்டினார். ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியமும் அங்குண்டு. புதுமை என்றதும் பழமையைத் துறக்க விரையும் நம்மவர் இதனை ஒருமுறை நோக்குதல் நன்று.

அழகினும் முந்தியது நீர். சாய்நிலத்தின் பகை மண்ணன்று. மண்ணுட் புகும் மழைநீரே. ஆதலால் வீட்டின் மேற்புறத்தே மழைநீரை மறித்து ஒதுக்கும் கான் வேண்டும். அணைசுவரின் பின்னே சரளைக்கல் நிரப்பி, சுவரிலே கசிவுத் துளைகள் விடல்வேண்டும். துளையற்ற சுவர், எத்துணைத் தடிப்பாயினும், பின்னே தேங்கும் நீரின் பாரத்தாற் சாய்ந்துவிடும்.

இவை ஏட்டுக் கணக்குகள் அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதையும், அங்கு மாண்டோர் நம் மொழி பேசும் தொழிலாளர் குடும்பத்தினர் என்பதையும் நாம் அறிவோம். தம் மனைக்கு இடந்தெரியும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை, நமக்கு உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிலே காணி வாங்குமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெறுக. குடிபுகுந்த பின்னரும், தரையிலே புதுவெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்று திடீரெனத் தோன்றல் அல்லது கலங்கல் ஆகியன காணின், பொருள்களை எடுக்க நில்லாது உடனே வெளியேறுக.